கடல்பட்டணத்து ராசாவின் மூன்று அடி

...போனது போகட்டும், திரும்பி வந்தது ஏன், அதுதானே இரண்டு வருஷமாய் மண்டையைக் குடைகிற கேள்வி, நன்றாக நின்ற ராசா மூலைவாட்டில் ஒரு கட்டம் பின்னுக்குப் போகிறான், பிறகு ஒரு கட்டம் பக்கத்துக்கு, பிறகு ஒரு கட்டம் முன்னுக்கு, பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான், வேலை வெட்டி இல்லாதவன் ஒழுங்கையைச் சுற்றி உலாத்திவிட்டுத் தன் வீட்டுப் படலைக்கே வந்து நிற்பதைப் போல, இதற்கா ஏழு பேர் கூடியிருந்து யோசித்தார்கள், ஏழு பேரும் படித்த மனுஷராச்சே... என்று சோமசேகரம் தன்னையே கேட்டுக்கொண்டு, நிறைந்த பாத்தியின் வாயை ஒரு மண்வெட்டி மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு வெங்காயத்தின் காலடிக்குள் ஓடியது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, கணக்கு மாஸ்ரர் இன்றைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிய தோட்டக்காரன், கிணற்றடியில் இறைப்பு மெசின் இரைகிறது, சோழகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்புகிறது, உடுவில் செம்பாட்டு மண் கணுக்கால் வரை ஏறிக் காய்ந்து தோலை இழுக்கிறது, இதெல்லாம் ஒரு பக்கத்தில் நடக்கட்டும், கைக்கும் காலுக்கும் தெரிந்த வேலை, தலை மட்டும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பனிக்குளிரில், ஒரு மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் அந்தத் தலைக்குத் தெரியும், தெரிந்துதான் அங்கே போய் ஒளித்துக்கொண்டதோ என்னவோ.

புத்தகம் கொழும்பில் ஒரு நடைபாதைக் கடையில் அகப்பட்டது, அட்டையும் முதல் பக்கங்களும் போய்விட்ட செஸ் புத்தகம், எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் உள்ளே ஓர் ஆட்டம், இரண்டு பட்டணங்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய ஆட்டம், பட்டணங்களின் பெயர் வாயில் நுழையாதபடியால் சோமசேகரம் ஒன்றுக்குக் கடல்பட்டணம் என்றும் மற்றதற்கு மலைப்பட்டணம் என்றும் தானே பெயர் வைத்துக்கொண்டார். கடல்பட்டணத்துக்கு ஏழு பேர், மலைப்பட்டணத்துக்கும் அப்படி ஒரு கூட்டம், ஒரு கட்சி மற்றக் கட்சியின் முகத்தைக் கண்டதில்லை, கூடிக் கதைத்து ஒரே ஒரு நகர்வைத் தீர்மானித்துக் கடிதத்தில் எழுதுவார்கள், குதிரை வண்டி அதைப் பனியிலும் சேற்றிலும் இழுத்துக்கொண்டு போகும், பதில் வரும், பிறகு திரும்பவும் கூடுவார்கள்... ஓர் ஆட்டம் முடிய வருஷக்கணக்கு, நடுவில் ஒருவர் செத்துப்போனார், அவருடைய கதிரையில் இன்னொருவர் வந்து இருந்தார், ஆட்டம் நிற்கவில்லை. இதை வாசித்த அன்று சோமசேகரத்துக்கு நெஞ்சு விம்மிவிட்டது. ஒருத்தன் தனியே கெட்டிக்காரனாய் இருப்பது பெரிய காரியமில்லை, வகுப்புக்கு இரண்டு பேர் அப்படி எப்போதும் உண்டு, ஏழு தலை சேர்ந்து ஒரு தலையாய் யோசிப்பது எப்படி, கலியாணப் பந்தலின் வாசல் எந்தப் பக்கம் என்று ஏழு பேர் கூடி முடிவு கட்டுவதற்குள் பெண்ணுக்கு நரைத்துவிடுமே... மனைவி பத்மாசினிக்கு இது பகிடி, "உந்த ஏழு பேரையும் ஒருநாளைக்குச் சோத்துக்குக் கூப்பிடுங்கோவன், நானும் முகத்தைப் பாத்ததாய் இருக்கும்" என்பாள், சொல்லிவிட்டு மேசையில் இருக்கும் பலகையை ஒரு காயும் அசையாமல் தூக்கி, கீழே தூசி தட்டி, திரும்பவும் அதே இடத்தில் வைப்பாள்.

பாத்தி நிறைந்தது, அடை, திற... இன்னாசித்தம்பி பத்து மணிக்கு வந்துவிடுவான், கல்லுக்கு வெடி வைக்கிறவன், சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற மனுஷன், அதுதான் கரைச்சல். கிணறு பங்குக் கிணறு. சோமசேகரத்தின் ஐயாவும் பெரியையாவும் சேர்ந்து வெட்டியது, இப்போது மூன்று பங்கு, பெரியையாவின் மூத்த மகன் நமசிவாயம் அண்ணைக்கு ஒன்று, இளைய மகன் நடராசா அண்ணை காலமாகிவிட்டபடியால் அவருடைய மனைவி கமலாவதி மச்சாளுக்கு ஒன்று, சோமசேகரத்துக்கு ஒன்று, ஆளுக்கொரு நாள் இறைப்பு, முறை சுற்றிச் சுற்றி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் பொழுது சாயும் வரைக்கும் தண்ணீர் நின்றது, மெசின் வந்தபிறகு வைகாசி பிறந்தாலே மதியத்துக்கு முன்னம் குழாய் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடுகிறது, அடியில் கல், கல்லுக்குக் கீழே வேண்டிய மட்டும் தண்ணீர் கிடக்கிறது என்கிறார் நமசிவாயம் அண்ணை, துளைத்து வெடி வைத்தால் போதும். வைக்கலாம், ஆனால் கீழே கிடப்பது நல்ல தண்ணீரா உப்பேறிய சவர்த் தண்ணீரா என்பது வெடித்த பிறகுதான் தெரியும், வெடித்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. மச்சாளுக்கு அதுதான் பயம், அவளுடைய வீட்டுக் கிணறு பக்கத்து வளவுக்குள், ஊற்று ஒன்றுதான், இதில் சவர் ஏறினால் குடிக்கிற தண்ணீரும் போய்விடும். அண்ணையின் பயமும் பொய்யில்லை, கரை சேர்க்க மூன்று பெண்பிள்ளைகள், போன வருஷம் மிளகாய்க் கன்று காய்ப்பில் கருகியபோது அவர் வரம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நிற்பு சோமசேகரத்துக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அரியாலையில் அருளம்பலத்தார் வீட்டில் குடித்த தேத்தண்ணி நினைவுக்கு வந்தது, சீனி போட்டிருந்தார்கள், பால் விட்டிருந்தார்கள், இருந்தும் நாக்கின் அடியில் ஏதோ நின்று கைத்தது, "வெடி வைச்சம் மாஸ்ரர், ரெண்டு வரியம் தண்ணியெண்டால் அந்த மாதிரித் தண்ணி, மூண்டாம் வரியம் பாருங்கோ" என்று அவர் கிணற்றைக் காட்டினார், கிணறு நிறையத் தண்ணீர், பளிங்கு மாதிரிக் கிடந்தது, ஒரு வாழை இல்லை பக்கத்தில். அதைச் சொன்னால் நமசிவாயம் அண்ணை, "அரியாலை கடலடி தம்பி, உடுவில் செம்பாடு, அதையும் இதையும் ஒண்டாக்காதை" என்கிறார், அதுவும் சரிதான், யாருக்குத் தெரியும், பூமிக்குக் கீழே எட்டிப் பார்த்தவன் யார்... பாத்தி நிறைந்தது, அடை, திற. தெரியாத ஒன்றுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லத்தான் வேண்டுமென்று ஒரு மனுஷனைப் பிடித்து நிறுத்துகிறார்களே, அதுவும் கிணற்றால் மிகக் குறைய இழக்கப்போகிற ஒருத்தனை, மாசம் முடியச் சம்பளம் வருகிற ஒருத்தனை.

பிடித்து நிறுத்துவது மனுஷர் இல்லை, வழக்கம். கிணற்றுக் காரியம் எதுவானாலும் கிணற்றடியில்தான் கதைக்கவேண்டும், அன்றைக்கு யாருடைய முறையோ அவர் முதல் வாய் திறக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள், தண்ணீரைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு நிதானம் இருக்கும் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்களோ என்னவோ. நமசிவாயம் அண்ணையின் முறையில் அவரே வாய் திறந்திருக்கலாம், திறக்கமாட்டார், வெடிப்போம் என்று முதல் சொன்னவன் தலையில்தான் பிறகு சவரின் பழி, பிறத்தியாரிடம் எவ்வளவும் சொல்வார், கிணற்றடியில் சொல்லமாட்டார். மச்சாளின் முறையில் மச்சாள் திறந்திருக்கலாம், ஆனால் நடராசா அண்ணை போனதிலிருந்து அவளுடைய நாளிலும் மெசினை இழுத்து ஓட்டிப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறுகிறவர் நமசிவாயம் அண்ணைதான், நன்றி கெட்டவள் என்ற பேர் வாங்காமல் அவள் எப்படிச் சொல்லுவாள், அவளுக்குத் தண்ணீர் உண்டு, முறையில்லை. ஆக இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், முதல் அசைகிறவருக்குத் தோல்வி, அண்ணை விஷயம் தெரிந்த மனுஷன், இன்னாசித்தம்பியை மெல்லமாய்ச் சோமசேகரத்தின் முறை நாள் பார்த்து வரச்சொல்லி விட்டார். செஸ் பலகையைக் கண்ணால் கண்டறியாத மனுஷன், என்ன ஒரு விளையாட்டு! ஓம் என்றால் மச்சாளின் குடிதண்ணீரில் கைவைத்தவன், இல்லை என்றால் அண்ணையின் சோற்றில் மண் போட்டவன், அண்ணை அதற்குப் பிறகு சோமசேகரத்தின் படலையைத் தாண்ட மாட்டார், இந்தக் குடும்பத்து ஆட்களின் கோபம் அப்படி, செத்த வீட்டில்தான் திரும்பச் சந்திப்பார்கள்.

சரி, ராசா. அந்த நேரத்தில் பலகையில் பெரிய காய் ஒன்றும் மிச்சமில்லை, குதிரை இல்லை, யானை இல்லை, மந்திரி எப்போதோ போய்விட்டது, ஆளுக்கொரு ராசாவும் சில சிப்பாய்களும்தான், சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அசைய இயலாது, ஆகவே அசையக்கூடியவர்கள் இரண்டு ராசாக்கள் மட்டும், எதிரும் புதிருமாய். கடல்பட்டணத்து ராசா உள்ளே நுழையப் பார்க்கிறான், மலைப்பட்டணத்து ராசா வாசலில் நின்று மறிக்கிறான், அங்கேதான் இந்த உலாத்தல். புத்தகத்தை எழுதிய புண்ணியவான் இந்த இடத்தில் ஒரு நக்கல் விட்டிருக்கிறார், ஆலோசனைக்காரர் அளவுக்கு மிஞ்சினால் ராசாவுக்கும் வழி தெரியாமல் போகும் என்று, மூன்று நகர்வு வீண் என்று, ஆனால் அதே மூன்று நகர்வுக்குப் பிறகு மலைப்பட்டணம் பொலபொலவென்று உதிர்ந்து தோற்றதற்கு அவர் காரணம் சொல்லவில்லை, தவறிவிட்டார்கள் என்று முடித்துக்கொண்டார். சோமசேகரத்துக்கு மனம் ஆறவில்லை. இங்கே பட்டணத்து நூல்நிலையத்தில் பழைய ஆங்கில வாரப் பத்திரிகைக் கட்டுகளைச் சனி ஞாயிறுகளில் போய்ப் புரட்டினார், புழுதியில் தும்மித் தும்மி ஒரு மரண அறிவித்தலைக் கண்டுபிடித்தார், ஏழு பேரில் கடைசியாய் உயிரோடிருந்தவர், வியாபாரி, கிழவராகிச் செத்திருக்கிறார், அந்த ராசா ஏன் சுற்றினான் என்று அவரிடம் யாரோ ஒருமுறை கேட்டார்களாம், அவர் சிரித்துவிட்டு "நாங்கள் ஏழு பேர்" என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். அதை வாசித்துவிட்டு அந்த மேசையிலேயே கனநேரம் இருந்தார் சோமசேகரம், நாங்கள் ஏழு பேர் என்றால் என்ன அர்த்தம், ஏழு பேர் சேர்ந்தால் எதுவும் முடியும் என்றா, ஏழு பேர் சேர்ந்தால் இப்படித்தான் என்றா...

"தம்பி! தம்பி, தண்ணி எங்கடை பக்கம் வருது!"

ஐயோ. பாத்தி நிறைந்து வரம்பு உடைத்து, தண்ணீர் ஒரு சிவப்புக் கயிறாய் எல்லையைத் தாண்டி மச்சாளின் காய்ந்த தோட்டத் தறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஏழு வெள்ளைக்காரரை நம்பித் தண்ணீர் மாறினால் இதுதான் நடக்கும், சோமசேகரம் மண்வெட்டியோடு ஓடினார். கமலாவதி தன் வளவு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்து நின்றாள், தலைக்கு மேலே சேலைத் தலைப்பு, காலடியில் அவளுடைய வெங்காயம் நுனி மஞ்சளடித்துக் கிடந்தது, அவளுடைய முறை நேற்று, நேற்று மெசின் இடையில் நின்றுவிட்டது என்று பத்மாசினி சொன்னாளே... அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள், அடைக்க உதவி செய்யவில்லை, தன் பக்கம் இன்னும் இழுத்துவிடவும் இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள், யோசினையிலை நிண்டிட்டன்" என்றார் சோமசேகரம். "அதுக்கென்ன, வந்த தண்ணி வரட்டும்" என்றாள், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாய், "உங்கடை ஐயா செத்த அண்டு நீங்கள் முறையைத் தள்ளி எங்களுக்கு விட்டனீங்கள், ஞாபகமே? அதுக்குப் பிறகு கிணறும் அதே கிணறு, தண்ணியும் அதே தண்ணி, அண்டண்டைக்கு முறைக்கார ஆள்தான் மாறிப்போச்சுது, இவர் கொஞ்சநாள் முறை தெரியாமல் விடிய எழும்பி வந்து நிப்பார்" என்று சொல்லிச் சிரித்தாள், இவர் என்றது நடராசா அண்ணையை, எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறாள்... சோமசேகரமும் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது.

என்ன சொன்னாள்? கிணறு அதே, தண்ணீர் அதே, ஆள் மாறிப்போனது. பொறு. பொறு பொறு. அந்தக் கட்டத்தில், அந்த ராசாக்கள் எதிரும் புதிருமாய் நின்ற அந்தக் கட்டத்தில், நகர்த்த வேண்டிய முறை யாருடையது, கடல்பட்டணத்துடையது, நகர்த்தினால் நுழைய வழியில்லை. அதே நிலையில் முறை மலைப்பட்டணத்துடையதாய் இருந்தால்? அவர்களுடைய ராசா வாசலை விட்டு அசைந்தே ஆகவேண்டும், செஸ்ஸில் நான் சும்மா இருக்கிறேன் என்று சொல்ல இயலாது, முறை வந்தால் நகர்த்தத்தான் வேண்டும், அசைந்தால் வாசல் திறந்துவிடும்! அப்படியென்றால் கடல்பட்டணத்துக்கு வேண்டியது ஒரு கட்டமும் இல்லை, ஒரு காயும் இல்லை, முறையை மட்டும் தள்ளிவிட வேண்டும், எப்படித் தள்ளுவது... சோமசேகரம் குந்தியிருந்து ஈரமண்ணில் விரலால் கோடு கிழித்தார். மலைப்பட்டணத்து ராசாவுக்கு வாசலைக் காத்துக்கொண்டு போகவர இரண்டே கட்டம்தான், போனால் வரவேண்டும், வெளியில் இருக்கிற நம்முடைய ராசாவுக்கோ மூன்று கட்டம், பின்னுக்கு, பக்கத்துக்கு, முன்னுக்கு. நாம் மூன்று அடி வைத்துச் சுற்றி வருகிற நேரத்தில் அவன் இரண்டு அடி வைத்துப் போய் வந்துவிடுகிறான், பார்த்தால் எல்லாம் பழையபடி, அதே பலகை, அதே சிப்பாய்கள், அதே இடத்தில் அதே ராசாக்கள், ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, இப்போது நகர்த்த வேண்டியவன் அவன்.

அட மனுஷரே! சோமசேகரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சேற்றில் குந்தியிருந்தபடி வானத்தைப் பார்த்தார், வெயில் கண்ணைக் குத்தியது, தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது வெயிலாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. மூன்று கடிதங்கள். பனியில், சேற்றில், குதிரைகள் மூச்சிரைக்க, மலையும் காடும் தாண்டி மூன்று கடிதங்கள் போயிருக்கின்றன, மூன்றிலும் சேர்த்து எழுதியிருந்தது ஒன்றுமேயில்லை, ஒன்றுமே மாறவில்லை ஐயாமாரே, இப்போது உங்களுடைய முறை என்பதைத் தவிர. அதை வாசித்தவர்களின் முகம் எப்படியிருந்திருக்கும், முதல் கடிதத்துக்குச் சிரித்திருப்பார்கள், இரண்டாவதுக்கும் சிரித்திருப்பார்கள், மூன்றாவது வந்தபோது மேசையைச் சுற்றி ஒரு பேச்சு மூச்சு இருந்திருக்காது. நூறு வருஷமாய் எல்லோரும் வீண் என்று சொன்ன மூன்று அடிதான் அந்த ஆட்டத்திலேயே பெரிய காரியம், அதை இந்த அறுபத்தேழாம் ஆண்டில் உடுவிலில் ஒரு வெங்காயப் பாத்தியில் குந்தியிருக்கிற ஒருத்தன் காண்கிறான், எவ்வளவு தூரம், எவ்வளவு காலம், அவர்களுடைய எலும்பும் மக்கியிருக்கும், ஆனால் அந்த யோசனை ஒரு நொடிக்கு முன்னம் பிறந்ததைப் போலச் சுடச்சுட இருக்கிறதே... கோவிலில் கூட அவருக்கு இப்படி ஆனதில்லை, இதை யாரிடம் சொல்வது, பத்மாசினியிடம் சொல்லவேண்டும், இன்றைக்கே, பலகையை வைத்துக் காட்டவேண்டும். கோடுகளுக்குள் தண்ணீர் ஊறி நிறைந்தது.

"மாஸ்ரர், என்ன நிலத்திலை தேடுறியள்? சாமான் ஏதும் விழுந்து போச்சே?" இன்னாசித்தம்பி. சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு, துளைக்கும் இரும்பைத் தோளில் வைத்தபடி நின்றான், அவனுக்குப் பின்னால் நமசிவாயம் அண்ணை, வெள்ளை வேட்டி, சால்வை, தோட்டத்துக்கு வருகிற உடுப்பில்லை, சபைக்கு வருகிற உடுப்பு. பத்து மணியாகிவிட்டதா. சோமசேகரம் எழும்பினார், முழங்காலில் சேறு, தலை இன்னும் பனியில் நின்றது, இறங்கமாட்டேன் என்றது. எல்லோரும் கிணற்றடிக்கு நடந்தார்கள், மச்சாள் திரும்பிப் போய் வேலிப்பொட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாய் நின்றாள். மெசின் இரைந்துகொண்டிருந்தது. இன்னாசித்தம்பி கிணற்றை எட்டிப் பார்த்தான், சின்னக் கல்லொன்றைப் போட்டான், காது கொடுத்துக் கேட்டான், "இண்டைக்கு ஒரு சொல்லுச் சொன்னியள் எண்டால் திங்கக்கிழமை துளை போடத் துவங்குவன், இல்லையெண்டால் நான் மல்லாகத்துக்குப் போறன், பிறகு மாரி கழிச்சுத்தான் வருவன்" என்றான். அண்ணை சால்வையை ஒருமுறை இழுத்துப் போட்டார். மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். முறைக்காரன் வாய் திறக்கவேண்டும். மூன்று பேரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

ஓம் என்று சொல்ல வாய் வந்தது, உடனே அரியாலைத் தேத்தண்ணி நாக்கில் கைத்தது, இல்லை என்று சொல்ல வாய் வந்தது, உடனே கருகிய மிளகாய்க்கு முன்னால் நின்ற அண்ணையின் முதுகு தெரிந்தது, எந்தப் பக்கம் அசைந்தாலும் வாசல் திறந்துவிடும், அந்தப் பாழாய்ப்போன ராசாதான் நான், அசைய இயலாது, அசையாமலும் இருக்க இயலாது... தான் என்ன செய்கிறார் என்று தெரிவதற்கு முன்னமே சோமசேகரம் கையிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கமலாவதிக்கு முன்னால் நீட்டிவிட்டார். "நேத்து உங்களுக்கு இறைப்பு முடியேல்லைத்தானே மச்சாள். இண்டைக்கு மிச்ச முறை உங்களுக்கு. நான் விட்டிட்டன். நீங்களே தண்ணி மாறுங்கோ." சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கிணறு அதே, தண்ணீர் அதே, நின்ற ஆட்கள் நின்ற இடத்தில், முறை மட்டும் தள்ளிவிட்டது. அடுத்த நொடியே, ஐயோ, பலகையில் முறையைத் தள்ளுவது எதிராளியை விழுத்தவல்லவா, நான் ஆரிடம் தள்ளினேன், ஒரு தனித்த பொம்பிளையிடம், என்னால் சொல்ல முடியாததை நீ சொல் என்று, தண்ணீர் கொடுக்கிற சாட்டில் சுமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே... மண்வெட்டியைத் திரும்ப வாங்குவோமா என்று கை நீண்டது, நீண்ட கையை இழுத்துக்கொண்டார், அனுப்பிய கடிதம் அனுப்பியதுதான்.

கமலாவதி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், வேலிப்பொட்டுக்குள்ளிருந்த மற்றக் காலையும் எடுத்து வெளியே வைத்தாள், வாய்க்காலுக்குப் போய்ச் சோமசேகரத்தின் பக்கத்தை அடைத்துத் தன்னுடைய பக்கத்தைத் திறந்தாள், அவசரப்படவில்லை, தண்ணீர் மஞ்சளடித்த வெங்காயத்துக்குள் போகிறதை நின்று பார்த்தாள், ஒரு பாத்தி நிறையும் வரை பார்த்தாள், நமசிவாயம் அண்ணையும் இன்னாசித்தம்பியும் சோமசேகரமும் மூன்று ஆண்கள் காத்து நின்றார்கள், தண்ணீர் அவளுடைய கையில், அவள் திறக்காமல் மற்றவர்கள் கதைக்க முடியாது, சோமசேகரத்துக்கு இப்போதுதான் உறைத்தது, நடராசா அண்ணை போனபிறகு இந்தக் கிணற்றடியில் முதல் சொல் அவளுக்கு வந்தது இன்றைக்குத்தான். பிறகு அவள் நிமிர்ந்தாள், அண்ணையைப் பார்க்கவில்லை, சோமசேகரத்தைப் பார்க்கவில்லை. "இன்னாசித்தம்பி, மல்லாகம் தூரமெல்லே, வெயிலும் ஏறிட்டுது. வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். பிறகு நமசிவாயம் அண்ணைக்காய்க் குரலைக் கொஞ்சம் தணித்து, "அத்தானும் வாங்கோ. இந்தக் கிணத்துத் தண்ணியிலைதான் போடுறன்."

அவ்வளவுதான். ஓம் இல்லை, இல்லை என்பதும் இல்லை, ஒருவரையும் எதிர்த்து ஒரு சொல் விழவில்லை, ஆனால் இன்னாசித்தம்பி சிரித்துக்கொண்டு இரும்பைத் தோளில் மாற்றி வைத்தான், "அப்ப மாரி கழியட்டும் அக்கா" என்றான், விளங்கிவிட்டது, எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இனி அண்ணையின் முறை, அண்ணை என்ன செய்வார், சால்வையை உதறிக்கொண்டு போவாரா... நமசிவாயம் அண்ணை கிணற்றுக்கட்டில் கைவைத்துக் கீழே பார்த்தார், அவருடைய முகத்தில் மூன்று பெண்பிள்ளைகளும் தெரிந்தார்கள், பிறகு மெசினுக்குப் பக்கத்தில் குனிந்து, சுத்தமான வேட்டியோடு குனிந்து, எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். "உதுக்குள்ளை எண்ணெய் காணாது. அவவின்ரை தறை முடியமுன்னம் நிண்டுபோம். பொறு, நான் கொண்டுவாறன்" என்றார். தோற்றவரின் குரல் இல்லை அது, வென்றவரின் குரலும் இல்லை. என்ன மனுஷர் இவர்கள் என்று சோமசேகரம் நினைத்தார், பனியில் இருந்த ஏழு பேரைக் கண்டு வியந்த அதே வியப்பு, குறையாமல், இப்போது இந்தக் கிணற்றடியில். மிளகாய் இந்த வருஷமும் கருகலாம். கல்லுக்குக் கீழே நல்ல தண்ணீரே கிடந்திருக்கலாம், அது ஒருவருக்கும் தெரியாது.

எண்ணெய் கொண்டுவரப் புறப்பட்ட நமசிவாயம் அண்ணை நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார். மச்சாளுக்கும் இன்னாசித்தம்பிக்கும் கேளாத தூரத்தில், சோமசேகரத்தின் முகத்துக்கு நேரே நின்றார். "ஒண்டு கேக்கிறன் தம்பி. நீ யோசிச்சுப் பாத்துத்தான் முறையை அவவுக்கு விட்டனியோ, இல்லாட்டி என்னை முகத்துக்கு நேரை மறுக்கப் பயந்து விட்டனியோ?" கோபமில்லாத கேள்வி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருத்தனின் கேள்வி. யோசித்தா, பயந்தா... மண்வெட்டியை நீட்டிய அந்தக் கணத்தைச் சோமசேகரம் திரும்பத் திரும்பப் புரட்டினார், அதற்குள் யோசனையும் கிடந்தது, பயமும் கிடந்தது, வரம்பு உடைத்த தண்ணீரும் நடராசா அண்ணையை நினைத்துச் சிரித்த ஒரு சிரிப்பும் கிடந்தன, எது முன்னே வந்தது, கை நீளும்போது தலையில் இருந்தது அந்த ராசாவா, அல்லது அண்ணையின் வெள்ளை வேட்டியா. அப்படியென்றால் அந்த ஏழு பேரும்... ஒருவர் பின்னுக்கு என்றிருப்பார், ஒருவர் பக்கத்துக்கு என்றிருப்பார், சண்டை பிடித்துக் களைத்து முன்னுக்கே வந்திருப்பார்களோ, அல்லது எல்லாம் தெரிந்துதானோ, அவர்களுக்கே தெரிந்திருக்குமோ. "ஓம் அண்ணை" என்றார் சோமசேகரம். அண்ணை எதற்கு ஓம் என்று கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு ஒழுங்கைப் பக்கம் போனார். மெசின் இரைந்துகொண்டிருந்தது, மச்சாள் அடுத்த பாத்தியைத் திறந்தாள், சோமசேகரம் கோடு கிழித்த இடத்தைத் தேடிப் பார்த்தார், அங்கே தண்ணீர்தான் நின்றது.